சூடத்தை அணைத்த கை

எனக்கு ஐந்து வயது முடியும்வரை என் தலைமுடி எனக்குச் சொந்தமாக இருக்கவில்லை. அது கொல்லிமலை அடிவாரத்தில் இருக்கும் எங்கள் குலதெய்வத்துக்குச் சொந்தம். நாங்களோ மலாயாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். சாமிக்கும் முடிக்கும் நடுவே ஒரு கடல் கிடந்ததால் அது பாட்டுக்கு வளர்ந்து இடுப்பைத் தொட்டது. அம்மா தினமும் அதை வாரிப் பின்னும்போது, அடுத்த வீட்டு மாட்டைக் கழுவிவிடுகிறவள்போல அலுத்துக்கொள்வாள்.

எங்கள் சனத்தில் பிள்ளையின் முதல் முடியைக் குலதெய்வத்தின் முன்னால்தான் இறக்க வேண்டும். அப்போது பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார்ந்திருக்க வேண்டும். எனக்கு முன்னால் பிறந்த அண்ணனுக்கும் அக்காவுக்கும் அப்படி நடக்கவில்லை. ஊருக்கு வர வழியில்லாமல், தோட்டத்து மாரியம்மன் கோயிலிலேயே அவர்களுக்கு முடி இறக்கினார்கள். முறைக்கு ஒரு மாமன் வேண்டுமே என்று பக்கத்து வரிசை வீட்டுக்காரர் ஒருவரைப் பிடித்து உட்கார வைத்தார்கள். இரண்டு பிள்ளைகளும் அடுத்தடுத்துக் காய்ச்சலில் போய்விட்டார்கள். கொசுக்கடியால் வந்த காய்ச்சல் என்று தோட்டத்து ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். அப்பா அதை ஒப்புக்கொள்ளவில்லை. நம் சாமிக்கு உரியதை வேறு சாமிக்குக் கொடுத்ததால் வந்த வினை என்றார். அம்மாவும் கொசுவை நம்பவில்லை, ஆனால் அவள் நினைப்பு வேறு. இரவல் மாமன் மடியில் உட்கார வைத்ததுதான் குற்றம் என்பது அவள் கட்சி. எப்படியோ, நான் பிறந்ததும் அப்பா ஒரு காசை மஞ்சள் துணியில் முடிந்து கூரை வாரியில் கட்டிவிட்டார். இவளுடைய முடியை நம் ஊரில்தான் இறக்குவது என்பதில் மட்டும் இருவரும் ஒன்றாக நின்றார்கள்.

மற்ற எதிலும் அவர்கள் ஒன்றாக நின்றதாக எனக்கு நினைவில்லை. வெட்டிய ரப்பர்ப் பாலை எடைக்கு நிறுத்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து குளித்ததும் அப்பா ஊர்ப் பேச்சைத் தொடங்குவார். அங்கே வெயில் அடித்தால் அடித்ததுதான், இங்கே மாதிரி நாள் தவறாமல் மழை கொட்டி எலும்பெல்லாம் ஊறிப்போகாது என்பார். மழை பெய்தால் பட்டை நனைந்து பாலுக்கு மரம் வெட்ட முடியாது, அன்றைக்குக் கூலியும் கிடையாது. அதனால் மழையைக் கண்டாலே அவருக்கு ஆகாது.

"நம்மூருத் தண்ணி தேனாட்டம் இருக்கும் சாமி" என்று என்னிடம் ஒருநாள் சொன்னார்.

அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே கேட்டாள்: "அந்தத் தண்ணிய நீங்க எந்தக் காலத்துலீங்க சேந்திக் குடிச்சீங்க?"

ஊர்க் கிணற்றில் எங்கள் சனம் வாளி விட முடியாது. யாராவது மனது வைத்துச் சேந்தி ஊற்றும்வரை குடத்தோடு எட்டி நிற்க வேண்டும். தோட்டத்தில் எங்கள் வரிசை வீடுகளின் கோடியில் ஒரு குழாய் இருந்தது. திருகினால் தண்ணீர் வந்தது. யார் திருகினாலும் வந்தது. அம்மாவுக்கு மலாயாவில் பிடித்தது எது என்று கேட்டால் அந்தக் குழாயைத்தான் முதலில் சொல்லுவாள். அப்புறம், தினம் மூன்று வேளையும் அரிசிச் சோறு. மூன்றாவதை அவள் வாயால் சொல்ல மாட்டாள். ரப்பர்க் காட்டின் ஓரத்தில் என் அண்ணனும் அக்காவும் கிடந்த இரண்டு மண்மேடுகள்தான் அது. வெள்ளிக்கிழமைதோறும் அங்கே போய்ப் புல்லைப் பிடுங்கிவிட்டு வருவாள்.

ஒருவழியாகக் கப்பலுக்குப் பணம் சேர்ந்தது. ஆறு மாதத்துக்குள் திரும்பினால் வீடும் வேலையும் உண்டு என்று தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி சொன்னார். புறப்பட்ட அன்று அப்பா வரிசை வீடுகளில் ஒன்று விடாமல் போய், "இனி வரமாட்டனுங்க, ஏதாச்சும் தப்பாப் பேசியிருந்தா மனசுல வெச்சுக்காதீங்க" என்று கும்பிட்டுவிட்டு வந்தார். அவர் போன வீடுகளுக்கெல்லாம் பின்னாலேயே அம்மா போய், "பொங்கல் கழிச்சு வந்துருவமுங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள். பித்தளைப் பாத்திரங்களையும் அம்மியையும் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்து வைத்தாள். அந்த அக்காதான் அவர்கள் இருவருக்கும் பொதுவான ஆள். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் எந்தக் கப்பலில் ஏறப் போகிறீர்கள் என்று கேட்டுச் சிரித்தாளாம்.

கப்பலில் அம்மா மாற்றுத் துணி எடுக்க டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது, அடியில் சாக்குத் துணியில் சுற்றிய பால்வெட்டுக் கத்தி கிடந்தது. வளைந்த மூக்கும், கை பட்டுப் பட்டு வழவழத்த மரப்பிடியுமாக, அப்பா நாள்தோறும் மரம் வெட்டிய கத்தி அது. இனி வரமாட்டேன் என்று ஊரெல்லாம் கும்பிட்டுவிட்டு வந்த மனுஷன் கத்தியை எதற்கு எடுத்து வந்தார்? அம்மா அதைத் திரும்பச் சுற்றி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டாள். வாய் ஓயாத என் அம்மா அன்றைக்கு ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது என்று பிற்பாடுதான் எனக்குப் புரிந்தது.

கரூர்ப் பக்கம் ரயிலை விட்டு இறங்கி, காவேரியைப் பரிசலில் கடந்து மோகனூருக்கு வந்தோம். நடு ஆற்றில் அப்பா குனிந்து ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடித்தார். அம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தேனாட்டம் இருக்குதுங்களா?"

"இருக்குது போ" என்றார் அப்பா. அவர் கண் கலங்கியிருந்ததால் அம்மா அதற்கு மேல் சீண்டவில்லை.

நாமக்கல்லில் இருந்து ராசிபுரம் போகும் பஸ்ஸில் ஏறி, பாதி வழியில் இறங்கி நடந்தால் எங்கள் ஊர். கொல்லிமலை கிழக்கே நீலமாகக் கிடந்தது. அது தவிர மற்றதெல்லாம் காய்ந்திருந்தது. அம்மாவுக்குக் கூடப்பிறந்தது ஒரே ஓர் அண்ணன். அந்த மாமன் குடிசையில்தான் இறங்கினோம். மாமன் ஒரு பண்ணையக்காரரிடம் வருஷச் சம்பளத்துக்கு ஆளாக இருந்தார். அவருக்குப் பிள்ளை இல்லை, மாமியும் போய்ச் சேர்ந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. எங்களைப் பார்த்ததும் வாங்க என்றார், களி கிண்டிப் போட்டார். அதற்கு மேல் பேச்சில்லை. பத்து வருஷங்களுக்கு முன், பஞ்சத்தில், அம்மாவும் அப்பாவும் சொல்லாமல் கொள்ளாமல் ஆள் பிடிக்க வந்த கங்காணி பின்னால் போனவர்கள். அதற்கு அடுத்த வருஷம் அம்மாவையும் மாமனையும் பெற்ற பாட்டி இறந்தபோது மாமன் ஒற்றை ஆளாகக் கொள்ளி வைத்திருக்கிறார்.

எனக்கு அந்தக் களி தொண்டையில் இறங்கவில்லை. குடத்தோடு அம்மா கிணற்றடிக்குப் போனால் உச்சிக்கு வெயில் ஏறிய பிறகுதான் வருவாள். பொழுது சாய்ந்தால் நான், "நம்மூட்டுக்கு எப்பம்மா போறோம்?" என்று கேட்பேன். இதுதான் நம் வீடு என்று அப்பா சொல்லுவார். நான் சுற்றிலும் பார்த்துவிட்டு மறுபடி அதையே கேட்பேன்.

வந்த வாரத்திலேயே அப்பா பண்ணையக்காரரைப் பார்க்கப் போனார். ஊரில் இருக்க வேண்டுமென்றால் ஏதாவது ஒரு காடுகழனியில் வேலை வேண்டும், அதற்கு அவர் தயவு வேண்டும். அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, தோட்டத்தில் வாங்கிய குடையை எடுத்துக்கொண்டு, என்னையும் கையில் பிடித்துக்கொண்டு கிளம்பினார்.

"மாப்ள, சட்டையக் கழட்டி வெச்சுட்டுப் போலாமுங்க" என்றார் மாமன்.

"அதெல்லாம் அந்தக் காலமுங்க மச்சான்" என்று அப்பா சிரித்தார்.

பண்ணையக்காரர் ஒன்றும் கத்தவில்லை. வாசலில் கட்டிலில் உட்கார்ந்து கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தவர் அப்பாவை மேலும் கீழும் பார்த்தார். "ஏன்டா, பினாங்குல நல்ல துணி கெடைக்குமாட்ட இருக்குது" என்றார். அவ்வளவுதான். பிறகு கடலைக்காய் உரித்தார். அப்பா வெயிலில் நின்றார். பண்ணையக்காரர் அவரை உட்காரவோ போகவோ சொல்லவில்லை. வெகு நேரம் கழித்து அப்பா குடையைக் கீழே வைத்தார், சட்டையைக் கழற்றினார், அதை என் கையில் கொடுத்தார். அப்புறம்தான் பண்ணையக்காரர், "சொல்லு, எப்ப வந்த?" என்று பேச்சை எடுத்தார். சட்டை வேர்வையில் நனைந்து என் கையில் கனத்தது.

அன்றைக்குப் பிறகு அப்பா ஊர்த் தண்ணீரைப் பற்றிப் பேசி நான் கேட்கவில்லை. அதற்குப் பதிலாக வேறு பேச்சு வந்தது. களியை உருட்டிக்கொண்டே, "இந்நேரம் அங்க பால் நிறுத்துட்டு ஊட்டுக்கு வந்திருப்போம்" என்பார். பழம் நழுவித் தானாகப் பாலில் விழட்டும் என்று அம்மா வாயைத் திறக்காமல் இருந்தாள். அந்த நாட்களில் அவள் முகம் தெளிவாக இருந்தது. முடி இறக்கியதும் மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று அவளும், அதை எப்படி நம் வாயால் சொல்வது என்று அவரும் இருந்தார்கள். ஒருவரிடம் ஒருவர் சொல்லியிருந்தால் கதை வேறு மாதிரிப் போயிருக்கும். பத்து வருஷம் சண்டை போட்ட வாய்கள் ஒத்துப்போக வேண்டிய நேரத்தில் ஊமையாகிவிட்டன. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு இருவர்மேலும் ஆத்திரம் வருகிறது.

முடி இறக்க நாள் பார்த்ததும் மடிக்கு யார் என்ற பேச்சு வந்தது. மாமன் பிடி கொடுக்கவில்லை. கேட்டால் பார்க்கலாம் என்பார், எழுந்து போய்விடுவார். அப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"உங்க சித்தப்பன் மகன் ஒருத்தன் ஆண்டகளூருல இருக்கறானல்ல, அவன உக்கார வெச்சாப் போச்சு. சாமி நம்ம சாமி. மடி எந்த மடியா இருந்தா என்ன?"

"ரெண்டு புள்ளைகள இரவல் மடியில வெச்சுப் பறிகுடுத்தது போதுமுங்க" என்றாள் அம்மா. "கூடப் பொறந்தவன் குத்துக்கல்லாட்டம் இருக்கறான். அவன் மடியில உக்காராம இவ முடியில கத்தி படாது."

மாமன் கோயிலுக்கு வந்துவிட்டார். வருவாரோ மாட்டாரோ என்று எல்லோரும் வழி பார்த்துக்கொண்டிருக்க, வெள்ளை வேட்டி கட்டி, தேங்காய் பழத் தட்டோடு, எனக்கு ஒரு சீட்டிப் பாவாடையும் வாங்கிக்கொண்டு வந்தார். கோயில் என்றால் கட்டடம் இல்லை. அடிவாரத்துப் பாறையில் சாய்த்து வைத்த மூன்று கல்லும் ஒரு வேலும்தான். பங்காளிகள் சுற்றி நின்றார்கள். பொங்கல் பொங்கியது. மாமன் சப்பணம் போட்டு உட்கார்ந்து என்னைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். நாவிதர் என் பின்னலை அவிழ்த்து, தலையில் தண்ணீர் தெளித்துப் பிசைந்தார். இவ்வளவு முடியை ஒரு பிள்ளையின் தலையில் தான் பார்த்ததில்லை என்றார். கத்தியைத் தீட்டும்போது மாமன் கை நீட்டித் தடுத்தார்.

"ஒரு வார்த்த இருக்குது" என்றார். "எங்கம்மா உம் பேரச் சொல்லிச் சொல்லிச் செத்தா அம்மணி. வாசப்படியப் பாத்துக்கிட்டே செத்தா. இப்ப இந்தப் புள்ளைக்கு மடி குடுத்துட்டு, நாளைக்கு நீங்க கப்பலேறிப் போயிட்டா, நானும் அதே வாசப்படியப் பாத்துக்கிட்டுக் கெடக்கோணுமா? என்னால ஆகாது. இங்கயே இருக்கறமுன்னு சூடத்த அணைச்சுச் சத்தியம் பண்ணச் சொல்லு மாப்பிள்ளையை. அப்பறம் முடிய எடுக்கட்டும்."

பூசாரி தட்டில் ஒரு கட்டிச் சூடத்தைப் பற்ற வைத்துக் கல்லின் முன்னால் வைத்தார். எரியும் சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துவிட்டால், அந்தச் சொல்லை மீறக்கூடாது. மீறினால் அது சொன்னவரை விட்டுவிட்டு அவர் பிள்ளையைப் பிடிக்கும். எங்கள் சனத்தில் கள்ளச் சாராயம் காய்ச்சுகிறவன்கூட அதில் பொய் சொல்ல மாட்டான்.

அப்பா முன்னால் வந்தார். நான் மடியில் உட்கார்ந்து தலையில் தண்ணீர் சொட்டச் சொட்ட அவரைப் பார்த்தேன். பத்து வருஷமாக ஊர் ஊர் என்று உருகியவர், இனி வரமாட்டேன் என்று ஒவ்வொரு வீடாகக் கும்பிட்டவர். அவருக்கு இது அல்வா சாப்பிடுகிற மாதிரி இருந்திருக்க வேண்டும். கையைத் தூக்கினார். தூக்கிய கை அப்படியே நின்றது. சூடம் புகைந்து எரிந்தது. அப்பா கையைக் கீழே போட்டுவிட்டார்.

கூட்டத்தில் யாரோ மெல்ல, "மாப்பிள்ளைக்கு மனசு வல்ல" என்றார்கள். மாமன் என் இடுப்பைப் பிடித்திருந்த கையைத் தளர்த்தினார். அவர் எழுந்திருக்கப் போகிறார் என்பது எனக்கே தெரிந்தது.

அம்மா வந்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, குனிந்து, எரிகிற சூடத்தின்மேல் வலது கையை வைத்து அழுத்தினாள். அடிக்கவில்லை, வைத்து அழுத்தினாள். கருகிய வாடை வந்த பிறகுதான் எடுத்தாள்.

"எங்கயும் போகமாட்டோம்" என்றாள். "எம் புள்ளைக்கு முடிய எடுங்க."

குழாயும் சோறும் அந்த இரண்டு மண்மேடுகளும் வேண்டும் என்று திரும்பிப் போகக் காத்திருந்தவள் அவள். ஆனால் மாமன் எழுந்துவிட்டால் நானும் அந்த மண்மேடுகளுக்குப் பக்கத்தில் மூன்றாவதாகப் போய்விடுவேன் என்று நிச்சயமாக நம்பினாள். இறந்த இரண்டுக்கும் இருக்கிற ஒன்றுக்கும் நடுவில் அவள் என்னை எடுத்துக்கொண்டாள். என் முடி கத்தை கத்தையாக மாமன் வேட்டியில் விழுந்தது. எனக்குத் தலை லேசாகிக் குளிர்ந்தது. மாமன் அழுதுகொண்டிருந்தார். வீடு திரும்பியதும் அவரே விளக்கெண்ணெய் எடுத்து அம்மாவின் உள்ளங்கையில் தடவிவிட்டார். அம்மா கையை நீட்டிக்கொண்டு வேறு பக்கம் பார்த்திருந்தாள்.

ஆறு மாதக் கெடு நெருங்கியபோது அப்பா ஒருநாள், "சத்தியம் பண்ணுனது நீ. நான் பண்ணல" என்றார்.

"ஆமாங்க. நீங்க பண்ணல. போறதுன்னாப் போங்க" என்றாள் அம்மா.

மறுநாள் காலையில் அப்பா சட்டை போட்டுக்கொண்டார். டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ் நிற்கும் சாலைக்குப் போனார். அம்மா களை வெட்டப் போய்விட்டாள், நான் வாசலில் உட்கார்ந்து அழுதேன். பொழுது சாய அப்பா திரும்பி வந்தார். பெட்டியை இறக்கி மூலையில் வைத்தார்.

"பஸ்ஸு வல்லீங்களா?"

"வந்துச்சு."

அம்மா அவருக்குத் தட்டு வைத்தாள்.

பண்ணையக்காரரின் காட்டில் அப்பாவுக்கும் வேலை கிடைத்தது. எருது ஓட்டி நீர் இறைப்பதும், கடலைக்காட்டுக்குக் காவல் இருப்பதும்தான் வேலை. அந்தக் காட்டு மேட்டில் ஓர் ஆலமரம் இருந்தது. ஒரு மத்தியானம் அப்பாவுக்குக் கஞ்சி கொண்டுபோனேன். அவர் மரத்தடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். மரத்தின் பட்டையில் சாய்வாக ஒரு கோடு, அதன் கீழ் இன்னொரு கோடு. விரல்கடை ஆழம்கூட இல்லை, மரத்துக்கு நோகாமல் பட்டையை மட்டும் சீவியிருந்தார். கோட்டின் முனையில் ஒரு கொட்டாங்கச்சி. வெள்ளைப் பால் சொட்டுச் சொட்டாக அதில் விழுந்துகொண்டிருந்தது. கத்தி அவர் மடியில் இருந்தது.

"இங்கயும் பால் வருது சாமி" என்றார். "பசையா இருக்குது. ஆனா நெறம் அதே நெறம்."

ஆலமரத்தில் முனி இருக்கிறது என்பது ஊர் நம்பிக்கை. விஷயம் பண்ணையக்காரர் காதுக்குப் போனது. அப்பா பட்டைக் கீறலுக்கு மஞ்சளும் சாணியும் அப்பி, மரத்தின் காலில் விழுந்து எழுந்தார். பினாங்குக்காரனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று ஊர் பேசியது. அன்றைக்கு அம்மா கத்தியை வாங்கி டிரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டினாள். சாவியை அவர் கையிலேயே கொடுத்தாள்.

அப்புறம் சண்டை வந்தது. கப்பல்கள் நின்றன. மலாயாவை ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டான் என்றார்கள். கரி போட்டு ஓடிய பஸ் புகையைக் கக்கிக்கொண்டு எப்போதாவது ராசிபுரத்துக்குப் போனது. எங்கள் ஊரில் பாதிப் பேர் கூழுக்கும் வழியில்லாமல் கிடந்தோம். ஆனாலும் எங்களைப் பார்த்தவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். நல்லவேளை சாமி உங்களைத் தடுத்து வைத்தது. மாமன் மடி காப்பாற்றிவிட்டது. ஆமாங்க என்பாள் அம்மா. மாமனும் அதை நம்பினார். தன்னால் ஒரு குடும்பம் பிழைத்தது என்ற பெருமையிலேயே அவர் கடைசி வருஷங்கள் கழிந்தன.

சண்டை முடிந்த பிறகு, எங்கள் தோட்டத்தில் இருந்த ஒருவர் வாழப்பாடிப் பக்கம் தன் சொந்தக்காரர்களைப் பார்க்க வந்தவர், விசாரித்துக்கொண்டு எங்களையும் தேடி வந்தார். எலும்பும் தோலுமாக இருந்தார். பக்கத்து வீட்டு அக்காவின் புருஷனைச் சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் இழுத்துக்கொண்டு போனார்கள், திரும்பவில்லை என்றார். அக்கா அம்மாவின் பாத்திரங்களை ஒவ்வொன்றாக விற்று அரிசி வாங்கியிருக்கிறாள். அதைச் சொல்லத்தான் அவர் முக்கியமாக வந்தாராம்.

"கொறையா நெனச்சுக்க வேண்டாமுன்னு சொல்லச் சொல்லுச்சுங்க."

"வித்துத் தின்னது நல்லதுங்க" என்றாள் அம்மா. சற்றுப் பொறுத்து, "காட்டோரத்துல எங்க புள்ளைக ரெண்டு இருந்துச்சுங்களே" என்றாள்.

அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்தார்.

"அந்த எடத்தயெல்லாம் கொத்தி மரவள்ளி போட்டுட்டமுங்க. வேற எடமில்ல."

"கெழங்கு நல்லா வந்துச்சுங்களா?"

"வந்துச்சுங்க. அதத் தின்னுதான் உசுரோட இருந்தமுங்க."

அம்மா தலையை ஆட்டினாள். அவருக்குக் கஞ்சி ஊற்றிக் கொடுத்தாள், போகும்போது கொஞ்சம் கடலைக்காய் முடிந்து கொடுத்தாள். அவர் சாலை திரும்பிய பிறகு குடிசைக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அழுதாள். பெரிய சத்தம் இல்லை. எனக்கு அப்போது பன்னிரண்டு, பதின்மூன்று வயது இருக்கும். அவள் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அப்பா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். உள்ளங்கையில் அந்தப் பழைய வடு இருக்கும் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். நான் போய்விட்டேன்.

அடுத்த சித்திரையில் அப்பா படுத்தார். நெஞ்சில் சளி கட்டி, காய்ச்சல் விடவில்லை. அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. ஊர்க் கிணற்றில் தண்ணீர் அடிக்குப் போய்விட்டதால் ஊற்றுகிறவர்களுக்கே போதவில்லை. நானும் அம்மாவும் மாற்றி மாற்றி நின்று ஒரு நாளைக்கு ஒரு குடம் கொண்டுவந்தால் பெரிது. ஒரு மத்தியானம், வெயில் வெள்ளையாக எரிந்துகொண்டிருந்தபோது, அப்பா கண் விழித்துக் கையை ஊன்றி எழப் பார்த்தார்.

"பெரட்டுக்கு மணி அடிச்சாச்சா?" என்றார். தோட்டத்தில் விடிகாலையில் ஆள் எண்ணுவதற்கு அடிக்கிற மணியைத்தான் கேட்டார். "என்னை ஏன் எழுப்பல? கத்தியக் குடு. நேரமாச்சு."

அம்மா அவர் தோளைப் பிடித்துப் படுக்க வைத்தாள். "இன்னிக்கு வெட்டு இல்லீங்க. மழை பேயுது."

"மழையா? சத்தங் கேக்கலியே."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு மூலையில் இருந்த குடத்தைப் பார்த்தாள். காலையிலிருந்து நின்று நான் கொண்டுவந்த குடம் அது, இன்னும் பாதிகூடச் செலவாகவில்லை. கண்ணாலேயே கூரையைக் காட்டினாள். எனக்குப் புரிய சற்று நேரம் ஆனது. குடத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே போய், மண்சுவர்மேல் ஏறி, பனையோலைக் கூரையில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். காய்ந்த ஓலையில் தண்ணீர் சடசடவென்று விழுந்து இறவாரத்தில் சொட்டியது. மண் வாசம் எழுந்தது. உள்ளே அப்பா ஏதோ சொல்வதும், அம்மா, "ஆமாங்க, நல்ல மழைதானுங்க" என்பதும் கேட்டது. குடம் காலியாகும்வரை ஊற்றினேன்.

இறங்கி வந்து பார்த்தபோது அப்பா ஒருக்களித்துக் கண்ணை மூடியிருந்தார். மழை நாளில் கூலி போச்சே என்று புலம்புகிறவர், அன்றைக்கு ஒன்றும் புலம்பவில்லை. காலிக் குடத்தை எடுத்துக்கொண்டு மறுபடி கிணற்றடிக்குப் போனேன். எனக்குத் தண்ணீர் ஊற்றப் பொழுது சாய்ந்துவிட்டது. அந்தத் தண்ணீர் அப்பாவைக் குளிப்பாட்டத்தான் உதவியது.

துக்கத்துக்கு வந்த பெண்கள் அம்மாவைச் சுற்றி உட்கார்ந்து, கடைசியாக என்ன சொல்லிவிட்டுப் போனார் என்று கேட்டார்கள். எல்லோரும் கேட்கிற கேள்விதான்.

"அவுரு ஒண்ணும் சொல்லல" என்றாள் அம்மா. "நாந்தான், மழை பேயுது, வேலைக்குப் போவேண்டாமுன்னு சொன்னேன். நம்பீட்டாரு."